பூஜ்யம் எண் கார்டின் பெருமை

சங்கரன்கோவிலில் சத்தத்துக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. தறி ஓடும் தெருக்களில் விசைத்தறியின் தடதடப்பு, சங்கரநாராயணர் கோயில் மணி, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கூவும் ஊர்ப்பெயர்கள், ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு ரேடியோ செட். இப்படிப்பட்ட ஊரில், கடைத்தெருவின் நடுவே, ஒரு பெட்டிக்குள்ளாவது பூரண அமைதியை நிலைநாட்டிய சாதனை லினக்ஸ் கம்ப்யூட்டரின் ஒலியமைப்புக்கு உரியது. இத்தனை ஆண்டுகளாக யாரும் அதற்கு முறையாக ஒரு பாராட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டியது அவ்வளவும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அதன் நீதி பரிபாலனம். இந்த ஊர்த் தலபுராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். சிவனே பெரியவர் என்கிறான் சங்கன். திருமாலே பெரியவர் என்கிறான் பதுமன். வழக்கு அம்பாளிடம் போகிறது. அவள் தவமிருக்கிறாள். வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக ஒரே உடம்பில் காட்சி கிடைத்த பிறகுதான் வழக்கு முடிகிறது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு மூன்று சவுண்ட் கார்டு இருந்தால் எழுவதும் இதே வழக்குதான்: இவர்களில் யார் பெரியவர்? லினக்ஸ் இதற்குத் தவம் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் விழிக்கும்போது எந்தக் கார்டு முதலில் கையைத் தூக்கியதோ அதற்குப் பூஜ்யம் என்று எண். அடுத்ததற்கு ஒன்று. அதற்கும் அடுத்ததற்கு இரண்டு. வேறு உத்தரவு இல்லாத வரை பூஜ்யமே பெரியவர். சத்தமெல்லாம் அவர் வழியாகத்தான். அவருக்கு ஸ்பீக்கர் இருக்கிறதா, அவர் முன்னால் மனிதர் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்ற விசாரணையே கிடையாது. இதைவிடச் சுருக்கமான தீர்ப்பை நான் எங்கும் கண்டதில்லை. நாளைக்குக் காலையில் வேறொரு கார்டு முந்திக்கொண்டால் தீர்ப்பும் மாறும். நேற்றைய தீர்ப்பின்மேல் இன்றைக்கு எந்தப் பிடிவாதமும் வைத்துக்கொள்ளாத நீதிமன்றம் அது.

இந்தப் பெருமை எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்துவந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறவேண்டுமானால் இன்டெல் சில்லு பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. நம்மூர் ஜெராக்ஸ் கடையிலும் டைப்பிங் சென்டரிலும் ஸ்டூடியோவிலும் இருப்பவற்றில் பாதி, பெரிய கம்பெனிகள் கழித்துக் கட்டியவை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வழியாகவோ மதுரை வழியாகவோ தெற்கே வந்தவை. அவற்றுக்கு இனி லினக்ஸ்தான் போக்கிடம். அதற்கும் முன்பே, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. ஊரில் எத்தனையோ வீடுகளில் அந்த மடிக்கணினிகள் இன்னும் ஓடுகின்றன. ஹெட்போன் ஜாக் தேய்ந்துபோனவற்றில் ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டைச் செருகி ஓட்டுகிறார்கள். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு என்பது வசதி படைத்தவர்களின் தொல்லை அல்ல. உள்ளது பழுதாகி, புதிது வாங்க முடியாமல், குறைந்த விலையில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டவர்களின் அன்றாடம். லினக்ஸ் தன் முழுத் திறமையையும் காட்டுவது இவர்களிடம்தான்.

கடைத்தெருவில் ஒரு ரெக்கார்டிங் கடை என்று வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் கோயில் கொடைக்கும் ஆட்டோவில் வைத்து ஓட்டுகிற அறிவிப்புகளைப் பதிவுசெய்து கொடுக்கிற கடை. அங்கே நான்காம் தலைமுறை இன்டெல் சில்லு வைத்த கம்ப்யூட்டர். 2013இல் வந்த அந்தத் தலைமுறையில் எச்டிஎம்ஐ வழியாகப் போகும் ஒலிக்கென்று தனிக் கட்டுப்பாட்டகம் உண்டு. லினக்ஸில் பெரும்பாலும் அதுதான் பூஜ்யம் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு உரிய கார்டு ஒன்றாம் எண். பேசிப் பதிவுசெய்ய வாங்கிய யூஎஸ்பி ஹெட்செட் இரண்டாம் எண். திரை எச்டிஎம்ஐ கேபிளில் இருக்கிறது. அதில் ஸ்பீக்கர் கிடையாது. ஆனால் பின்னால் ஒரு ஹெட்போன் துளை உண்டு. அந்த ஒரு துளையை வைத்துக்கொண்டு, எனக்கும் பாட வரும் என்று திரை கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடுகிறது. கம்ப்யூட்டர் நம்பிவிடுகிறது. சொன்ன சொல்லை நம்பும் இந்தக் குணம் இன்றைக்கு எங்கே கிடைக்கும்?

புதிதாக லினக்ஸ் ஏற்றிக்கொடுத்த பையனைக் கடைக்காரர் கூப்பிடுகிறார்.

"தம்பி, பச்சைக் கோடு துள்ளிக்கிட்டு ஆடுது. சத்தத்த எங்கடே?"

"சத்தம் போய்க்கிட்டுதான் இருக்கு அண்ணாச்சி. திரைக்குள்ள போகுது."

"இதுல ஸ்பீக்கரே கிடையாதேடே."

"அது அதுக்குத் தெரியாது அண்ணாச்சி."

நூல் எழுதி விளக்க வேண்டியதைப் பையன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். திரையில் ஆடும் அந்தப் பச்சைக் கோட்டைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். பேவுகண்ட்ரோல் என்ற கருவியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கீழே ஒலியின் அளவுக்கு ஏற்பத் துள்ளும் கோடு ஒன்று உண்டு. சத்தம் எந்தக் கார்டுக்குப் போனாலும் அது துள்ளும். கேட்கிற மனிதருக்கு எதுவுமே கேட்காவிட்டாலும் அதன் உற்சாகத்தில் ஒரு மாற்றுக் குறையாது. வேலை நடந்தது, பலன் வந்ததா என்பது என் துறை அல்ல என்று அவ்வளவு தெளிவாகத் தன் எல்லையை உணர்ந்த கருவி வேறு எதுவும் இல்லை.

அதைவிட ஒரு படி உயர்ந்தது டம்மி அவுட்புட். கம்ப்யூட்டரில் ஒரு சவுண்ட் கார்டும் கண்ணுக்குத் தட்டுப்படாவிட்டால், வேறு இயங்குதளம் பெருக்கல் குறி போட்டுக் கையை விரித்துவிடும். லினக்ஸ் அப்படி மனம் நோகச் செய்யாது. டம்மி அவுட்புட் என்ற பெயரில் இல்லாத கார்டு ஒன்றைத் தானே படைத்து, அதற்கு ஒலி கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தியும் வைத்துக் கொடுக்கும். நூறு சதவீதம் வரைக்கும் கூட்டலாம். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் மைக்கையும் ஸ்பீக்கரையும் தனி ஒலிச்சில்லு ஒன்று கவனித்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு டெபியன் என்ற லினக்ஸ் வகையில் தனிப் பொதியாக இருக்கிறது. அந்தப் பொதி இல்லாத வீட்டில் டம்மி அவுட்புட் பல மாதம் விருந்தாளியாக இருக்கும். எந்தக் கோப்பு இல்லை என்பதை லினக்ஸின் உள்மையமான கெர்னல் தன் பதிவேட்டில் நேர்மையாக எழுதிவைத்திருக்கும். அதை வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லி அவர் மனதைக் கலைக்கும் வழக்கம் மட்டும் அதற்கு இல்லை.

இந்த அமைப்பின் குலப்பெருமையும் சிறியதல்ல. 1992இல் ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனன் தொடங்கிவைத்த நிரலிலிருந்து ஓஎஸ்எஸ் என்ற ஒலியமைப்பு பிறந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரல்தான் கார்டைத் திறக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு பல கார்டுகளில் அது வாழ்ந்தது. 1998இல் செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற கார்டுக்காகச் செய்த வேலையிலிருந்து அல்சா என்ற ஒலியமைப்பைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அதற்கு அரியணை கிடைத்தது. இசைக்கலைஞர்களுக்காகப் பால் டேவிஸ் ஜாக் என்ற ஒலிச்சேவையை எழுதினார். 2004இல் லென்னார்ட் பொட்டரிங் தொடங்கியது பின்னால் பல்ஸ்ஆடியோ ஆகி, 2007 நவம்பரில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 8ஆம் பதிப்புக்கும் 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04க்கும் வந்துசேர்ந்தது. அடுத்து விம் டேய்மன்ஸின் பைப்வயர். 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 அதை இயல்பாக ஏற்றது. ஒவ்வொருவரும் முந்தியவர் விட்ட குறையைத் தீர்க்கவே வந்தார்கள். ஆனால் வந்த ஒருவரும் முந்தியவரை வீட்டைவிட்டு அனுப்பவில்லை. இன்றைக்கும் பைப்வயருக்கு அடியில் அல்சா இருக்கிறது. பல்ஸ்ஆடியோவுக்கு எழுதிய ஆப் வந்தால் பைப்வயர் பல்ஸ்ஆடியோவாகப் பேசும். ஜாக்குக்கு எழுதியது வந்தால் ஜாக்காகப் பேசும். எதை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க வயர்பிளம்பர் என்று இன்னொருவர். பொறியியலில் இது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. முப்பது வருடத்துக்கு முந்திய நிரலைக்கூட வாழவைக்கும் பண்பு வேறு எங்கே உண்டு? சத்தம் வராதபோது இவர்களில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர் இந்தக் கூட்டுக்குடும்பத்தின் அருமையை நன்றாகவே உணர்வார். யார் வாசலில் நின்றாலும் அவரவர் கடமையை அவரவர் சரியாகவே செய்திருப்பார்கள்.

நிதானமாகப் போனால் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. அது உண்மை. லினக்ஸ் எதையும் ஒளிப்பதில்லை. டெர்மினலில் ஏபிளே என்று அடித்து, ஒரு சிறு கோடும் எல் என்ற எழுத்தும் சேர்த்தால் அத்தனை கார்டுகளும் எண்ணோடு வரிசையில் வந்து நிற்கும். எச்டிஎம்ஐ கார்டு ஒன்றாகவும் வராது. மூன்று, ஏழு, எட்டு என்ற எண்களில் அதன் கிளைகள் வரும். நடுவில் நாலும் ஐந்தும் ஆறும் எங்கே என்று கேட்பவர் இன்னும் பக்குவப்படவில்லை. ஏஎம்டி கம்ப்யூட்டராக இருந்தால் பேவுகண்ட்ரோலில் ஸ்டார்ஷிப், மட்டிஸ் என்ற பெயர்களையும் காணலாம். பச்சை ஜாக், பின்பக்கம் என்று கடைக்காரருக்குத் தெரிந்த பெயரில் ஒன்றும் இருக்காது. கண்டவர் பெயரையெல்லாம் கார்டுக்கு வைத்து அதன் கௌரவத்தைக் குறைக்கவில்லை.

அடுத்து அல்சாமிக்ஸர். கறுப்புத் திரையில் நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பங்கள். எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பத்தின் அடியில் எம்எம் என்று இருந்தால் வாய் மூடியிருக்கிறது என்று பொருள். எம் எழுத்தை அழுத்தினால் ஓஓ ஆகும், வாய் திறக்கும். அல்சாவின் ஆதி வழக்கமே எல்லா வாயையும் மூடிவைத்துத் தொடங்குவதுதான். உரக்கப் பேசிக் காதைக் கெடுப்பதைவிடப் பேசாமலே இருப்பது மேல் என்ற கொள்கை. அதிலேயே ஆட்டோ மியூட் மோடு என்று ஒன்று உண்டு. முன்பக்கத்து ஜாக்கில் ஹெட்போன் செருகினால் பின்பக்க ஸ்பீக்கரை அடக்கிவிடும். பத்து வருடப் பெட்டியில் முன்பக்க ஜாக்கின் உள்தகடு வளைந்துபோய், எதுவும் செருகாமலே செருகியதாகக் காட்டிக்கொண்டிருந்தால், அந்த இல்லாத ஹெட்போனுக்கும் மரியாதை கொடுத்து ஸ்பீக்கர் வாயைப் பொத்திக்கொள்ளும்.

வாயெல்லாம் திறந்தாயிற்று என்றால் பேவுகண்ட்ரோல். ஐந்து பிரிவுகள். ஐந்தாவதான கான்ஃபிகரேஷனில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு புரொஃபைல். அது ஆஃப் என்று இருந்தால் அந்தக் கார்டு மற்ற பிரிவுகளில் தலைகாட்டாது. மூன்றாவது பிரிவில் எது இயல்பான வெளியீடு என்று டிக் போடலாம். போட்ட பிறகும் பாட்டு பழைய இடத்துக்கே போகலாம். பாட்டு ஓட்டும் ஆப் எப்போதோ ஒரு நாள் எந்தக் கார்டில் பாட வைக்கப்பட்டதோ, அதை ஒலியமைப்பு நினைவில் வைத்திருக்கும். முதல் பிரிவுக்குப் போய் அந்த ஆப்பை மட்டும் தனியாகக் கையைப் பிடித்து மாற்றிவிட வேண்டும். பைப்வயர் வந்த கம்ப்யூட்டரில் டபிள்யூபிசிடிஎல் என்ற கட்டளை நிலைமையைக் காட்டும். நட்சத்திரக் குறி எதன் பக்கத்தில் இருக்கிறதோ அதுவே நடப்புத் தலைவர். தலைவரை மாற்றவும் அதிலேயே வழி உண்டு. இந்த இடத்தில் மட்டும் புது அமைப்பை மனமாரப் பாராட்டவேண்டும்: சொன்ன தேர்வை மறுநாளும் மறக்காமல் வைத்திருக்கும் பழக்கத்துக்கு வந்திருக்கிறது. கார்டின் எண்ணையே மாற்றவேண்டும் என்பவர்களுக்கு மாட்புரோப் கோப்புறையில் ஒரு வரி எழுதும் உரிமையும் தரப்பட்டிருக்கிறது. எண்ணுக்குப் பதில் கார்டைப் பெயரால் கூப்பிட்டால் நாளைக்கு வரிசை மாறினாலும் தப்பாது என்ற வசதியும் அல்சாவில் வெகுகாலமாக இருக்கிறது. நல்ல வசதி என்பதால் பொத்திப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எண்ணைச் சொல்லும் வழிகாட்டிகள்தான் முதலில் கைக்கு அகப்படும்.

இத்தனையும் கற்றுக்கொண்டவர் ஒரு சிறு பொறியாளராகவே வெளியே வருவார். ஒரு கோயில் கொடை அறிவிப்பைக் கேட்டுப் பார்க்க வந்தவருக்கு, காசு வாங்காமல் கெர்னலும் ஃபர்ம்வேரும் சொல்லிக்கொடுக்கும் கல்விக்கூடம் இது. அந்த அறிவிப்பு ஆறு மணிக்கு ஆட்டோவில் ஏறவேண்டும் என்பது அவருடைய சொந்தக் கஷ்டம். நம் கதையில் வரும் கடைக்காரருக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பையன் அல்சாமிக்ஸரில் இருக்கும்போதே அவர் எழுந்துபோய், ஸ்பீக்கரின் பின்னைப் பச்சை ஜாக்கிலிருந்து பிடுங்கித் திரையின் பின்னாலிருந்த ஹெட்போன் துளையில் குத்திவிட்டார். சத்தம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் தன் முடிவில் உறுதியாக இருந்தது. மனிதர் ஒயரை மாற்றிக்கொண்டார். இந்த வைத்தியம் பல கடைகளில் நிரந்தரமாகவே நிலைத்திருக்கிறது.

கண் தெரிந்த கடைக்காரருக்கு ஒயரையாவது மாற்றத் தெரிந்தது. கண் தெரியாதவர் முன்னால்தான் இந்த அமைப்பு தன் முழு உயரத்துக்கும் எழுந்து நிற்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் பாளையங்கோட்டை. ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் அங்கே தொடங்கிய பார்வையற்றோர் கல்விக்கு நூற்று முப்பது வருடத்துக்கு மேலான பாரம்பரியம் உண்டு. இந்த வட்டாரத்துப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு அந்த ஊர் எவ்வளவு பெரிய வாசல் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்படிப் படித்துவந்த ஒருவர் இன்றைக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் அவருக்குத் திரை என்பது ஒலிதான். லினக்ஸில் ஆர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, இலவசம். ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி தமிழும் வாசிக்கும், அதுவும் இலவசம். காசு கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான்களின் விலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்று தெரியும். இதைக் கட்டியவர்கள் கும்பிடத்தக்கவர்கள். அந்தக் கொடையை மூன்று கார்டுகளில் ஏதோ ஒன்றின் வழியாக, ஸ்பீக்கர் இல்லாத திரைக்குள் அனுப்பிவைப்பது ஒலியமைப்பின் பங்கு. கடைக்காரருக்குச் சத்தம் மட்டும் போயிற்று. இவருக்குக் கம்ப்யூட்டரே போயிற்று. சரிசெய்ய வேண்டிய வழிகளையெல்லாம் முன்பே சொல்லிவிட்டேன்: பச்சைக் கோடு துள்ளுகிறதா என்று பார்க்கவேண்டும், எம்எம் ஓஓ ஆகிறதா என்று பார்க்கவேண்டும், நட்சத்திரக் குறி எங்கே என்று பார்க்கவேண்டும். காதுக்குரிய குறையைக் கண்ணால் தீர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு எவ்வளவு முழுமையானது பாருங்கள்.

கண் தெரிந்த தங்கையோ நண்பனோ பக்கத்தில் உட்கார்ந்து ஒருவழியாக மாற்றிக் கொடுத்தாலும் முடிந்துவிடாது. நோம் மேசைத்தளத்தில் கடவுச்சொல் கேட்கும் நுழைவுத்திரை வேறொரு பயனர் பெயரில் ஓடுகிறது. அவருக்கென்று தனி ஒலிச்சேவை, தனித் தேர்வு. நீங்கள் உங்கள் கணக்கில் எந்தக் கார்டை இயல்பாக்கினாலும் அவருக்குத் தெரியாது. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடமாட்டார். அதனால் உள்ளே போனபின் பேசும் கம்ப்யூட்டர், உள்ளே போகும் வாசலில் மட்டும் பேசாமல் நிற்கலாம். பாதுகாப்பின் பெயரால் பயனர்களைப் பிரித்துவைப்பது நல்ல கொள்கை. அதை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்ததில் பார்வையற்ற ஒருவர் தன் கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் தட்டவேண்டியிருக்கிறது.

சத்தம் வருகிறதா என்று சோதிக்கவும் அழகான ஏற்பாடு உண்டு. ஸ்பீக்கர்-டெஸ்ட் என்ற நிரலுக்குச் சரியான குறிகளைக் கொடுத்து ஓட்டினால் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஃப்ரண்ட் லெஃப்ட், ஃப்ரண்ட் ரைட் என்று சொல்லும். எந்தக் கார்டில் சோதிப்பது என்பதை மட்டும் நாம் முதலிலேயே தெரிந்து சொல்லவேண்டும். அது தெரிந்திருந்தால் சோதனையே தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸையும் லிப்ரே ஆஃபிஸையும் தமிழிலேயே குரலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் வராத மாணவருக்காக மெனக்கெட்டுச் செய்த நல்ல காரியம். லினக்ஸின் ஒலியைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அவற்றைக் கேட்டுப் பயன்பெறலாம்.

உதவி கேட்டால் செய்வதற்கும் ஆட்கள் உண்டு. உலகெங்கும் சம்பளமில்லாமல் பதில் சொல்லும் நல்ல மனிதர்கள். அவர்களில் பலர் முதலில் கேட்பது அல்சா-இன்ஃபோ என்ற நிரலின் அறிக்கையை. ஓட்டினால் கம்ப்யூட்டரின் பயாஸிலிருந்து கார்டின் ஒவ்வொரு பின் வரைக்கும் பக்கம் பக்கமாக வரும். அந்தப் பக்கங்களுக்குள் அத்தனை உண்மையும் இருக்கிறது. எந்தப் பெட்டியிலிருந்து சத்தம் வரவேண்டும் என்று அண்ணாச்சி விரும்பினார் என்ற ஒரு தகவல் மட்டும் அதில் இல்லை. அதை எந்த நிரலும் கேட்பதில்லை.

நான் அறிந்து ஒரு நிரல் கேட்கிறது. டெபியனின் நிறுவியில் பேச்சு வழியாக நிறுவும் முறை ஒன்று உண்டு. தொடக்கப் பட்டியலில் எஸ் எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால், பார்வையில்லாதவர் யார் துணையும் இல்லாமல் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். அங்கே கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மேல் கார்டு இருந்தால் நிறுவி எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொரு கார்டாகப் பேசிப் பார்க்கிறது. வேண்டிய கார்டிலிருந்து குரல் கேட்டதும் என்டர் தட்டச் சொல்கிறது. தட்டிய கார்டே கார்டு. பச்சைக் கோடு வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், மூன்றும் ஏழும் எட்டும் வேண்டாம். கேட்கிற காதிடமே கேட்டுவிடுகிறது. இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; எல்லாக் கார்டுக்கும் ஒரே நேரத்தில் ஒலியை அனுப்பும் வசதிகூடப் பல்ஸ்ஆடியோவிலும் பைப்வயரிலும் தயாராக இருக்கிறது. இந்த ஒரு கேள்வியை மேசைத்தளமும் கேட்கலாம்: நுழைவுத்திரையில், முதல் நாளில், புது ஹெட்செட்டைச் செருகிய நொடியில், தமிழில். கேட்டிருந்தால் கடைக்காரர் ஒயரைப் பிடுங்கியிருக்கமாட்டார், பாளையங்கோட்டையில் படித்தவர் தங்கையை எழுப்பியிருக்கமாட்டார். இவ்வளவு வல்லமையும் கையில் இருந்தும், நிறுவியின் தனிச்சிறப்பைப் பறித்துக்கொள்ள மனமில்லாமல், மேசைத்தளங்கள் இன்றுவரை அந்தக் கேள்வியை அதற்கே விட்டுக்கொடுத்து வருகின்றன.